இரண்டு பலகை

முதலில் அரக்கோணத்தை அடித்தோம்.
எட்டடிக்கு நாலடி இடத்தில் ஜங்ஷன் வைத்தால்
ஜங்ஷன் மட்டும்தான் இருக்கும் என்றேன்.
அடுத்தது திருத்தணி.
லோகநாதம் இரண்டு நாள் பேசவில்லை.
ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற ஆள்.
மூன்றாம் நாள் வந்து,
'மலை வேணாம்க்கா, படி மட்டும்
ஒரு ஓரமா தெரியட்டும்' என்றான்.
அதையும் அடித்தேன்.
பல்செட் ஆர்டர் சீட்டின் பின்பக்கம்
மிஞ்சியவை இரண்டே ஸ்டேஷன்:
இந்தப் பக்கம் பொன்பாடி,
அந்தப் பக்கம் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை.

அளவுப்படி தூரம் விட்டால்
பேட்டை பக்கத்துத் தெருவில்
மாவு மில்லுக்குள் போய் விழும்.
ஆறடி என்று வைத்துக்கொண்டோம்.
அளவுப்படி செய்தது பெயர்ப்பலகை ஒன்றைத்தான்.
ஒற்றை மயிர் தூரிகையில்
மூன்று எழுத்தில், மூச்சைப் பிடித்து.
எழுதி முடித்தபோது
பலகை, டிக்கெட் கவுண்டரைவிட நீளம்.

தாடை அச்சு வார்க்கும் மஞ்சள் மாவில்
நகரி மூக்கை வார்த்தேன்.
பன்னிரண்டு நிமிடத்தில் இறுகும்;
அதற்குள் ஓடைகளைக் கீறிவிட வேண்டும்.
பல் கட்டும் கம்பி, மின்கம்பங்கள் ஆயிற்று.
நிறம் ஒத்துவராமல் திரும்பி வந்த கடைவாய்ப் பற்கள்
தண்டவாள ஓரம் பாறைகள்.
பார்க்க வந்த டாக்டரம்மா ஒன்றை எடுத்துத் திருப்பி,
'இது ரெட்டியார் ஆர்டர்தானே' என்றார்.

கதவு வழியே நுழையாது என்பதால்
இரண்டாய் அறுத்த பலகை.
நான்கு போல்ட் போட்டுச் சேர்த்தோம்.
இணைப்பு விழுந்த இடத்தை அப்புறம்தான் பார்த்தோம்:
இரு ஸ்டேஷனுக்கும் சரியாக நடுவில்.
ஒருவரும் கோடு போடவில்லை.
எல்லை தானே வந்து உட்கார்ந்துகொண்டது.

வண்டியும் அங்கேதான் தடம் புரண்டது.
மூன்றாவது சுற்றில், தவறாமல்.
போல்ட்டை இறுக்கினோம். அட்டை செருகினோம்.
தண்டவாள முனையை
பல் ராவும் அரத்தால் ராவினேன்.
பக்கத்துச் சுவருக்கு அப்பால் பன்னிரண்டு பவர்லூம்;
அவை ஓடும்போது
பேட்டை லூப் லைனில் நிற்கும் சரக்கு வேகன்கள்
எஞ்சின் இல்லாமலே
ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும்.
அதிர்ச்சிதான் காரணம் என்றேன் நான்.
தறி மெக்கானிக் அவன், ஒப்பவில்லை.
'என் தறி மேல பழி போடாதீங்க.'
அக்கா போன இடத்தில் வந்து நின்றது 'மேடம்'.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
நாலாவது பெட்டியைக் குப்புறப் போட்டு
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
அச்சில் பஞ்சு.
தறியிலிருந்து பறந்து வந்து
சுற்றிச் சுற்றி
நூலாகவே ஆகிவிட்டிருந்தது.
இடுக்கியால் இழுக்க இழுக்க வந்தது, ஒரு முழம்.
போல்ட் மேல் குற்றமில்லை. பலகை மேலும் இல்லை.
யார் சொன்னது சரி என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
அவனுடைய பஞ்சு, என்னுடைய பெட்டி.

இப்போது இருபது சுற்றும் ஓடுகிறது.
ஆனாலும் இணைப்பு வரும்போது
ரெகுலேட்டரில் இருக்கும் என் விரல்
தானாக இறங்குகிறது.
லோகநாதம் பார்ப்பான், சொல்ல மாட்டான்.

நேற்று இரவு, லூம்கள் நின்ற பிறகு,
எட்டு மணி பாசஞ்சரை விட்டோம்.
பொன்பாடியில் எடுத்து, வளைவில் சாய்ந்து,
ரெட்டியார் பல்லைத் தாண்டி வரும்போது
கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால்
எஞ்சின் அந்தப் பலகையில்,
கார்டு பெட்டி இந்தப் பலகையில்.
தள்ளிவிடலாம் என்று கை நீட்டினேன்.
'பரவாலேது அக்கா, நிக்கட்டும்.
யாராவது டீ குடிக்க இறங்கியிருப்பாங்க' என்று
அவன் தரையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

பத்து நிமிடம்.
மின்விசிறிக்கு முன்பே
வண்டி புறப்பட்டுவிட்டது.